நான் கட்டிய நிப்பான் பாட்டு

என் ஆயுளில் ஒரே ஒரு பாட்டைத்தான் நேரம் குறித்து, அட்டவணை போட்டு, ஒழுங்காக உட்கார்ந்து எழுதினேன். நான் கட்டிய பாட்டுகளிலேயே படு மோசமானது அதுதான். அதற்குப் பரிசாகக் கன்னத்தில் வாங்கிய அறையால் என் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது. (உங்கள் அம்மா எப்போதும் அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் என்னைத் திட்டுவாள். ஆகையால் அதில் எனக்குக் கொஞ்சம் லாபமும் உண்டு.)

இதை இப்போது எழுதக் காரணம் உங்களில் மூத்தவள் கமலா. நாட்காட்டிக்குப் பக்கத்தில் அவள் ஒட்டியிருக்கும் தாளை நேற்றுதான் பார்த்தேன். "ஐந்து மணி முதல் ஆறு மணி வரை கதை எழுத வேண்டும். இரண்டு பக்கம். எழுதாவிட்டால் சாப்பாடு கிடையாது." கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள். மாலையில் வெறும் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்து தன் தலையில் தானே குட்டிக்கொண்டதையும் பார்த்தேன். அம்மா கமலா, நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். புத்தி சொல்ல வராது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உன் தம்பிகளும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

அது ஜப்பான்காரன் காலம். மலாயாவில், கோலா கெத்திலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய கிராணிதான் இப்போது தோட்டத்துக்கு எல்லாம். கடிகாரத்தையும் மாற்றிவிட்டார்கள். தோக்கியோவில் விடிந்தால் எங்களுக்கும் விடிந்தாக வேண்டும். கும்மிருட்டில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பேர் கூப்பிட்டதும் குரல் கொடுத்து, ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்துவிட்டு வேலைக்குப் போவோம். பாதி நாள் மரம் வெட்டு, பாதி நாள் மரவள்ளி நடவு. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரி அதையே வேறு பேர் வைத்துச் சாப்பிடுவோம்.

எனக்குப் பாட்டு கட்ட வரும். எப்படி வரும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். மரம் மரமாக நடந்து வெட்டிக்கொண்டே போகும்போது பத்தாவது மரத்தில் ஒரு வரி கிடைக்கும். நாற்பதாவது மரத்தில் அது தொலைந்துபோகும். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டி நிறையும்வரை செய்ய வேலை இருக்காது. ஒரு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் தொலைந்த வரி தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். கல்யாணத்துக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு என்று அப்படித்தான் கட்டினேன். பெரிய கிராணியின் ஓட்டைக் குடையைப் பற்றிக்கூட ஒன்று கட்டினேன். தோட்டமே பாடியது. கிராணிக்கும் கேட்டிருக்கிறது.

அதனால்தான் ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டேய் பாட்டுக்காரா, குடையெல்லாம் பாடுவியாமே?"

"தப்புதாங்கய்யா."

"அது கிடக்கட்டும். அடுத்த வாரம் பெரிய ஜப்பான் தொரை வர்றாரு. நிப்பானைப் புகழ்ந்து ஒரு பாட்டு வேணும். இருபத்துநாலு அடி. ஏழு நாள் உனக்கு மரம் வெட்டு வேணாம். உக்காந்து எழுது." பிறகு மேசைமேல் இருந்த ஒரு தாளைத் தட்டினார். "தொரை சிரிச்சாருன்னா, இதுல நீ சொல்ற ஒரு பேரை நான் அடிச்சிடுறேன்."

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். முதல் தடவை லாரியில் ஏறிப் போனவர்கள் போய் வருஷம் ஆகப்போகிறது, ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாவது தடவைக்கான தாள் அது. அதில் மூன்றாவது பேர் காத்தமுத்து. என் அக்கா அஞ்சலையின் வீட்டுக்காரர், உங்களுக்கு மாமா.

நீங்கள் பார்த்திராத அந்த மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் காதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால் பதில் சொல்லாமல் விடமாட்டார். யாரைக் கேட்டாலும் சரி, இவர் முந்திக்கொள்வார். "மழை வருமா?" என்று வானத்தைப் பார்த்து ஒருவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டால்கூட, "உன் துணி காயிற வரைக்கும் வராது" என்பார். பெரட்டில்கூட அந்த வாய் நிற்காது.

"காத்தமுத்து பேரைங்கய்யா" என்றேன்.

"மொதல்ல பாட்டு" என்றார் கிராணி.

ஏழு நாளில் இருபத்துநான்கு அடி. கணக்கு போட்டேன். ஒரு நாளைக்கு நான்கு அடி என்று வைத்தால் ஆறே நாளில் முடிந்துவிடும், கடைசி நாள் ஒத்திகைக்கு மிஞ்சும். (அடடா, என்ன மூளை!) ஆள் வருகை பதியும் ஒரு பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன். காலியாகக் கிடந்த பால் ஸ்டோருக்குள் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். காலை ஒரு அடி, பத்து மணிக்கு ஒரு அடி, மத்தியானம் ஒரு அடி, சாயங்காலம் ஒரு அடி. நடக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கக் கூடாது. அடி வராவிட்டால் அந்த வேளை மரவள்ளி கிடையாது. அதோடு கன்னத்தில் ஓர் அறையும் உண்டு. அறைவது நானே. ஒழுங்கு என்றால் அறைதான் என்று பெரட்டுக்களத்தில் ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து எனக்கும் படிந்துவிட்டது.

முதல் நாள் நான்கு அறை. அடி ஒன்றும் இல்லை.

அக்கா தட்டோடு வந்து நின்றாள். "சாப்பிடுறதே அரை வயிறு. அதையும் வேணாம்னு தள்ளுறியே, உனக்கென்ன பேயா புடிச்சிருக்கு?"

"மச்சானுக்காகத்தான்க்கா."

பின்னாலேயே வந்த மச்சான் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். "ஏன் மாப்ள, ஜப்பான்காரன் அடிக்கிறது பத்தலைன்னா என்கிட்ட சொல்லக் கூடாதா? சொந்தக்காரன் நான் இருக்கேன்லா?"

நான் சிரிக்கவில்லை. சிரிப்புக்கு அட்டவணையில் இடம் விடவில்லை.

இங்கேதான் என் முட்டாள்தனத்தைப் பாருங்கள். நான் மரம் வெட்டுகிறவன். இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டுவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பால் வரவில்லையே என்று கத்தியை ஆழமாக இறக்கினால் பட்டை காயப்பட்டு, பிறகு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும் என்றும் தெரியும். இன்னொருவன் மரத்தை அப்படி வெட்டினால் சண்டைக்கே போயிருக்கிறேன். என் மண்டையை மட்டும் ஆறு நாளும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒன்று சிக்கியது. ஜப்பான்காரன் தன் நாட்டை நிப்பான் என்கிறான். நம் பேச்சிலோ நிற்பான் என்பதை நிப்பான் என்போம். ஆக, "நிப்பான் என்றும் நிப்பான்!" துள்ளிக் குதித்தேன். அதற்கு எதுகை தேடினேன். ஒப்பான், வைப்பான், காப்பான். தப்பான் என்றும் ஒன்று வந்தது. எழுதிப் பார்த்தேன். ஜப்பான்காரன் தப்பமாட்டான் என்றல்லவா அர்த்தம் வருகிறது! அந்தத் துண்டைக் கிழித்து வாயில் போட்டு விழுங்கினேன். (அன்றைக்கு வேறு சாப்பாடும் இல்லை.)

ஆறாம் நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் பதினெட்டு அடி. ஆறு குறைகிறது. கன்னத்திலும் இடமில்லை. அப்போதுதான் அந்தப் பாவி யோசனை வந்தது. கும்மிப் பாட்டில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்வது உண்டு. மூன்று கேள்வி, மூன்று பதில். ஆறு அடி!

யார் நிப்பான்? நிப்பான் நிப்பான்!
எங்கே நிப்பான்? எங்கும் நிப்பான்!
எத்தனை நாள் நிப்பான்? என்றும் நிப்பான்!

அரை நாழிகையில் முடிந்தது. கேள்விகளை நான் பாட வேண்டும். பதிலை அக்காவும் ஒன்பது பெண்களும் பாட வேண்டும். மறுநாள் ஒத்திகையில் அக்கா முகத்தைச் சுளித்தாள். "என்னடா இது, சாமான் ஏலம் போடுற மாதிரி இருக்கு? உன் பாட்டு இப்படி இருக்காதே."

"எண்ணிக்கை சரியா இருக்கு" என்றேன்.

அதோடாவது விட்டேனா? துரை வருகிற அன்று காலையில், கடைசிப் பதிலில் ஓசை இடிக்கிறது என்று தோன்றி, "என்றும்" வேண்டாம், "எந்நாளும்" என்று பாடுங்கள் என்று மாற்றிவிட்டேன். பாதிப் பெண்கள் தலையாட்டினார்கள். மீதிப் பேர் பசியில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துரை வந்தார். பூட்ஸும் கத்தியுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மலாய் பேசத் தெரிந்த ஜப்பான்காரன் ஒருவன், அவனுக்குப் பக்கத்தில் கிராணி. எதிரே ஆண்கள் வரிசை. மூன்றாவதாக மச்சான், கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி.

பாடினேன். பதினெட்டு அடியும் போயின. துரையின் முகம் பலகை மாதிரி இருந்தது. கிராணி என்னையே பார்த்தார். துரை சிரித்தாக வேண்டும். ஆறே அடிதான் பாக்கி.

"யார் நிப்பான்?"

"நிப்பான் நிப்பான்!"

"எங்கே நிப்பான்?"

"எங்கும் நிப்பான்!"

துரையின் உதடு லேசாக அசைந்தது. தன் நாட்டின் பேர் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஏதோ பிடித்திருக்க வேண்டும். எனக்கு உயிர் வந்தது. முழுத் தொண்டையில் கேட்டேன்.

"எத்தனை நாள் நிப்பான்?"

பதில் வரவில்லை. என்றுமா, எந்நாளுமா என்று பத்துப் பெண்களும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரட்டுக்களம் முழுக்க அந்தக் கேள்வி அநாதையாக நின்றது.

ஆண்கள் வரிசையிலிருந்து குரல் வந்தது. "மரவள்ளி தீர்ற வரைக்கும்!"

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு ஒட்டுமொத்தத் தோட்டமும் சிரித்தது. ஒரு வருஷமாக அடக்கி வைத்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். துரை மட்டும் சிரிக்கவில்லை.

மலாய் தெரிந்தவன் கிராணியைக் கேட்டான். கிராணிக்குப் பொய் சொல்லக்கூட நாக்கு எழவில்லை. "சம்பாய் ஊபி ஹாபிஸ்" என்று சொன்னதை அப்படியே மலாயில் சொல்லிவிட்டார். மரவள்ளி தீரும்வரை.

துரை எழுந்து வந்தார். பாட்டின் எந்த அடியை யார் சொன்னது என்றெல்லாம் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பாடியவன் நான், அறை எனக்கு. காதுக்குள் ஏதோ கிழிந்தது. பிறகு என்னை வெயிலில் நிறுத்தி, தலைக்குமேல் ஒரு கட்டையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை நின்றேன். மரவள்ளிக் காட்டுக்குப் போன பெண்கள் என்னைத் தாண்டும்போது, "நிப்பான் நிப்பான்னு பாடினான், பாவம், இவன்தான் நிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

தாளில் எந்தப் பேரும் அடிபடவில்லை.

மூன்றாம் நாள் லாரி வந்தது. மச்சான் ஒரு சாக்குப் பையோடு ஏறினார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவர் குனிந்து என் நல்ல காதுப் பக்கம் சொன்னார். "மாப்ள, கோவமா? நெசமா சொல்லு, உன் பாட்டுல அந்த ஒரு அடிதானே உசிரோட இருந்துச்சு?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குக் கோபம். ஆறு நாள் அறை வாங்கி எழுதிய பாட்டைக் கெடுத்துவிட்டாரே என்று, ஒரு பாட்டுக்காரனுக்கு வருகிற அற்பக் கோபம். லாரி போய்விட்டது. அவர் திரும்பவில்லை. பாட்டு நன்றாக இருந்திருந்தால் கிராணி வாக்கைக் காப்பாற்றியிருப்பாரா? தெரியாது. ஆனால் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டியிருந்தால், எண்ணிக்கைக்காக அந்தக் கேள்வியை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அது மட்டும் தெரியும்.

அதன்பிறகு நான்கு வருஷம் ஒரு வரிகூட வரவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பினான், நான் மரம் வெட்டினேன். ஒருநாள் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே அரை வரி வந்தது. அதை நான் பிடித்து இழுக்கவில்லை. மறுநாள் மீதியும் வந்தது. கமலா, உன் தாளை நான் கிழிக்கமாட்டேன். அது உன் தாள். சாப்பாடு கிடையாது என்ற வரியை மட்டும் நீயே அடித்துவிடு. கதை வராத நாளில் கோழிக்குத் தீனி போடு, கடைத்தெரு வரை நடந்துவிட்டு வா.

மச்சானுக்கு ஒரு பாட்டு கட்டித் தருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு வரி இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் உங்கள் அத்தை கேட்பாள். "அவருக்குப் பாட்டு கட்டுறேன்னியே, இன்னும் எத்தனை நாள்டா ஆகும்?"

நீங்கள் எல்லாரும் சோற்றுக் கையோடு ஒரே குரலில் கத்துவீர்கள்: "மரவள்ளி தீர்ற வரைக்கும்!"

அத்தைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். சிரித்து ஓய்ந்ததும், உங்கள் தட்டுகளில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டபடி என்னிடம் சொல்வாள்:

"மெதுவாவே கட்டுடா. அவரும் ஒண்ணும் அவசரமா வந்து கேக்கப்போறதில்ல."