தேரை அளந்த மாப்பிள்ளை

கையில் அளவு டேப் கிடைத்தால் நான் உடனே இன்ஜினியர் ஆகிவிடுவேன். அது ஒரு வியாதி, பிள்ளைகளே. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

நான் லால்குடிக்காரன். கல்யாணத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் மாமனார் வீட்டில் குடியேறினேன். (வீட்டோடு மாப்பிள்ளை என்று சிரிக்காதீர்கள். ஊரே சிரித்து முடித்துவிட்டது.) காந்தி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோதான் என் பிழைப்பு. வீட்டின் பக்கவாட்டில் அதை நிறுத்த இடம் உண்டு. ஆனால் வீதியைவிட ஒன்றரை அடி உயரம், வண்டி ஏறாது. வெளியே நிறுத்தியதில் இரண்டு முறை பேட்டரி திருடு போயிற்று.

"மூணாவதும் போச்சுன்னா வண்டியை வித்துட்டு வேற வேலை பாருங்க மாப்ள" என்று மாமனார் சொல்லிவிட்டார்.

வண்டி ஏற வாசலில் ஒரு சிமெண்ட் சரிவு போட அனுமதி கேட்டு மாநகராட்சியில் மனு கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த இன்ஜினியர் அம்மா மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது தேர் ஓடுற வீதிங்க. தேருக்கு இடைஞ்சல் இல்லன்னு தெரிஞ்சாத்தான் கையெழுத்து. திங்கக்கிழமை வந்து பார்க்குறேன்."

இவ்வளவுதானே! டேப்பை எடுத்துக்கொண்டு கீழச்சித்திரை வீதியில் தேர் நிற்கும் இடத்துக்குப் போனேன். குனிந்தும் நிமிர்ந்தும் நான் அளப்பதைப் பார்த்த காவலாளி கேட்டார்: "என்னங்க, தேருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

அசருவேனா? மகளின் டிராயிங் நோட்டில் வீதி, தேர், என் சரிவு எல்லாவற்றையும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தேன். படத்தில் தேருக்கும் சரிவுக்கும் நடுவே நான்கு அடி மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை இன்ஜினியர் அம்மா வந்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேரை அளந்துட்டீங்க, சரி. அதை இழுக்குற ஜனத்தை அளந்தீங்களா?"

"ஜனம் ஒதுங்கிக்கும் மேடம்" என்றேன், மாமனார் காதில் விழும்படி சத்தமாக.

"அப்படியா? அடுத்த வாரம் சித்திரைத் தேரு. சரிவு வர்ற இடத்துல நீங்களே நில்லுங்க. ஒதுங்கிக் காட்டுங்க, கையெழுத்து போடுறேன்."

தேரோட்டத்தன்று காலை வாசலில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

முதலில் சத்தம்தான் வந்தது. "ரங்கா! ரங்கா!" பிறகு ஜனம். வீதியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தலைகள். அதற்குப் பின்னால் வானத்தை மறைத்துக்கொண்டு தேர். நான் படத்தில் தீப்பெட்டி அளவுக்கு வரைந்த அதே தேர்! காலடியில் தரை அதிர்ந்தது. என் நான்கு அடி மிச்சத்தை நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏங்க, உள்ள வந்துடுங்க!" என்று என் மனைவி கத்தினாள். எங்கே வருவது? அடுத்த நிமிடம் கட்டத்தில் நான் இல்லை. கையில் வடம் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியாது. பிடித்தபிறகு விடத் தோன்றவில்லை. அத்தனை பெரிய தேர் என் கைக்கும் அசைந்தது!

மேலச்சித்திரை வீதியில் தேர் ஒரு நிமிடம் நின்றது. வடத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால், வியர்த்து வழிய இன்ஜினியர் அம்மா!

"என்னங்க, ஒதுங்கிட்டீங்களா?"

"இல்ல மேடம்" என்றேன்.

"சிமெண்ட் வேணாம். இரும்புல, கழட்டி எடுக்குற மாதிரி செய்யுங்க. தேருக்கு முந்தின நாள் உள்ள எடுத்து வச்சிடணும். நாளைக்கு வாங்க, கையெழுத்து போடுறேன்."

மூன்று வீதி இழுத்து, தேர் நிலைக்கு வந்தபிறகுதான் வீடு திரும்பினேன். அதன்பிறகு பேட்டரி திருடு போகவில்லை, வண்டியும் என்னிடமே இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அந்த இரும்புச் சரிவைக் காட்டி இன்றும் சொல்கிறார்: "மத்தவங்க வாசலை ஆபீஸர் வந்து பார்த்தா போதும். எங்க மாப்ளைக்குத் தேரே வந்து பார்த்துட்டு, ஆளையும் கையோட கூட்டிட்டுப் போச்சு!"