ஸ்விட்சருக்கு ஒரு எண்

மக்கள் தங்கள் குறைகளை வீட்டில் இருந்தபடியே சொல்லவும், அதிகாரிகள் அவற்றை நாற்காலியில் இருந்தபடியே கேட்கவும் அரசு இயக்குநரகத்தில் ஒரு மணி நேர நேரடி ஒளிபரப்பு தொடங்குவதென முடிவாயிற்று. கேமரா மூன்றும், எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்று மாற்றிவிடும் ஸ்விட்சர் ஒன்றும் வந்து இறங்கின.

இணைப்பு கொடுக்கும் வேலை ஒயர்காரருடையது. பதினொரு வருடம் நான்கு மாதமாக அவர் தற்காலிகம். வீடியோ பிரிவில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலி. ஒளிபரப்பு நல்லபடியாக நடக்கட்டும், அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

ஒயர்காரர் அறுபத்துமூன்று மீட்டர் கேபிள் இழுத்தார். பத்து முனைகளையும் இரண்டு தடவை சோதித்தார். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வேண்டும் என்பதால் பட்டியல் எழுதி, அலுவலகக் கண்காணிப்பாளரிடம் நீட்டினார்.

"யாருய்யா இந்த ரவுட்டர்? ஒண்ணாம் நம்பர் போட்டிருக்கே!"

"உள்ள வர்றது, வெளிய போறது எல்லாம் அது வழியாத்தான் சார்."

"அப்ப வாசல்ல நிக்கிற ஆளு. கடைசி நம்பர் குடு. ஒண்ணு இயக்குநர் ஐயா கேமராவுக்கு."

ரவுட்டர் இருநூற்று ஐம்பத்துநாலுக்கு இடமாற்றம் செய்யப்பட்டது. துணை இயக்குநர்கள் இருவர்; இருவருமே தங்கள் கேமராவுக்கு இரண்டாம் எண்ணைக் கேட்டார்கள்.

"ஒரே நம்பரை ரெண்டுக்குக் குடுத்தா ரெண்டுமே வேலை செய்யாது சார்."

"ஒன்பது வருஷமா ரெண்டு பேரும் ஒரே பதவிலதான் இருக்காங்க. வேலை நடக்கலையா?"

ஒயர்காரர் நிரந்தரமாக வேண்டியவர். ஒருவருக்குப் பன்னிரண்டும் மற்றவருக்கு இருபத்தொன்றும் கொடுத்தார். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் மூன்றுதான் என்றதும் இருவரும் சமாதானமானார்கள்.

மிஞ்சியது ஸ்விட்சர்.

"இது என்ன கிரேடு?"

"கிரேடு எல்லாம் இல்ல சார். மெஷின்."

"பதவி இல்லாததுக்கு நம்பர் குடுக்க விதி இல்லப்பா. உனக்கே இத்தனை வருஷமா நம்பர் கிடையாதே."

"நம்பர் இல்லேன்னா இதுக்குக் கேமரா தெரியாது சார். நாளைக்குப் பத்து மணிக்குத் திரை கறுப்பாத்தான் இருக்கும்."

கண்காணிப்பாளர் நாற்பது நிமிடம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"வீடியோ பிரிவுல ஒரு இடம் காலியா இருக்குல்ல?"

"இருக்கு சார்." ஒயர்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"அதுல இதைப் போட்டுடலாம்."

"சார்... அது எனக்குன்னு..."

"உனக்கு நம்பர் இல்லேன்னா திரை கறுப்பாகுமா?"

"ஆகாது சார்."

"அப்புறம் என்ன?"

நியமனத்துக்கு உடல்தகுதிச் சான்று தேவைப்பட்டது. 'பார்வை நன்று. செவிப்புலன் நன்று. கெட்ட பழக்கம் ஏதும் தென்படவில்லை' என்று ஒயர்காரரே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் படம் கண்ணாடிபோல் தெளிவாக வந்தது. இயக்குநர் நியமன உத்தரவை ஸ்விட்சரின் மேல் பணிவுடன் வைத்தார். விடுப்பே எடுக்காத அதன் கடமை உணர்வைப் பற்றி ஐம்பத்தெட்டு நிமிடம் பேசினார். நன்றியுரைக்கு இரண்டு நிமிடம் போயிற்று. குறை சொல்ல வீட்டிலிருந்து இணைந்திருந்த முந்நூற்றுப் பதினாறு பேரில் இருநூற்றுத் தொண்ணூறு பேர் இதயக்குறி போட்டார்கள். மீதி இருபத்தாறு பேர் மனு அனுப்பினார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒயர்காரர் கண்காணிப்பாளரின் மேஜையருகே போய் நின்றார்.

"சார், இது எப்ப ஓய்வு பெறும்?"

"அம்பத்தெட்டு வயசுல. இப்ப எட்டு மாசம்." கண்காணிப்பாளர் விரல் விட்டு எண்ணினார். "இன்னும் அம்பத்தேழு வருஷம் நாலு மாசம். அதுவரைக்கும் தூசி படாம பாத்துக்க. உன் பொறுப்பு."

"அப்புறமாவது அந்த இடம் எனக்குத்தானே சார்?"

"அதெப்படி? உனக்கு முன்னால இருபத்தாறு மனு வந்து நிக்குதே. எல்லாம் வீட்டுல ஓயாம உழைக்கிற மெஷினுங்க." மனுக்கட்டைப் புரட்டி அடியில் இருந்ததை உருவினார். "கடைசியா வந்தது உங்க வீட்டு மிக்ஸி. உன் சம்சாரம்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க."