பஞ்சர் அண்ணாத்தை திட்டி வளர்த்த மரங்கள்

கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே பஞ்சர் அண்ணாத்தையோடு சண்டை போடாத ஒரே மனிதன் நான்தான். வேறொருவராக இருந்தால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எனக்கு அது வயிற்றெரிச்சல்.

பஞ்சர் கடைக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம்; அதை ஒட்டி ஓர் ஓடை. மழைக்கு மழை ஓடை கரையை அரித்ததால் புங்கன், நாவல், நொச்சி, தாழை என்று இந்த மண்ணுக்குரியவையாகப் பார்த்துக் கரை நெடுக நட்டார். ஒவ்வொன்றுக்கும் தன்னோடு சண்டை போட்டவர் ஒருவரின் பெயர். கோடையில் குடத்தோடு இறங்கி, பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன்; அதனால் அவருக்கு நான் கணக்கு சாரு. "புடிச்சவங்கள மறந்துடுவேன், கணக்கு சாரு. புடிக்காதவன மறக்க முடியுமா? அதான் செடி காயறதில்ல."

ரேஷன் கடைக்காரர் புங்கன். அண்ணாத்தையின் மச்சான் தாழை, கிட்டே போனால் கிழிக்கும். என் எதிர் ஃபிளாட் ராமநாதன், டயரில் காற்று குறைவு என்று ஒரு வார்த்தை சொன்னார், மறுநாளே நாவல். அது காய்த்த வருடம் ராமநாதன் மாடி மாடியாக ஏறி, "நம்ம மரத்துப் பழம், சாப்பிடுங்க" என்று கொடுத்தார். சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நானும் முறையாகச் சண்டைக்குப் போனேன். நன்றாக ஒட்டிய பஞ்சரைச் சரியில்லை என்றேன். மன்னிப்புக் கேட்டு மறுபடி ஒட்டினார்; காசும் வாங்கவில்லை. புதரில் பாம்பு என்றேன். "ஆமா சார், கீது. பாத்து வாங்க" என்றார். கடைசியில் "யோவ்" என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

போன மழையில் ஓடை திரும்பும் மூலையில் கரை உடைந்து, கவுன்சிலர் வெள்ளத்தோடு போய்விட்டார். அதாவது, அவர் பெயரிலிருந்த நொச்சி. தண்ணீர் வடிந்ததும் பார்க்கப் போனேன். அதே மூலையில் முழங்கால் சேற்றில் நின்று அண்ணாத்தை ஒரு நீர்மருதங்கன்றை நட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ் கணக்கு சாரு, நேரா நில்லுய்யா" என்று அதற்கு ஓர் அதட்டல்.

"நாம சண்டையே போடலையே" என்றேன்.

"சண்ட இல்ல சார். தண்ணி வந்து மோதற எடம் இது. ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான். நீங்கதான் இன்னா சொன்னாலும் நவுர மாட்டீங்க."

சண்டையில்லாத என்னை மறந்து, தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டால் என்று கேட்டேன்.

"நீங்க வந்து ஊத்துங்க."

இப்போது ஞாயிறுதோறும் குடத்தோடு நானும் இறங்குகிறேன். என் மருதுக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு புங்கன் நட்டிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் திட்ட ஒன்றும் அகப்படவில்லை. அதனாலோ என்னவோ, அது கொஞ்சம் மெதுவாகத்தான் வளர்கிறது.