இரண்டு சம்பளத்துக்கு நடுவே ஒரு தெரு

பணப்பையைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, மாசம் எவ்வளவு வருது, போதுதா?" என்று ஒரு போலீஸ்காரனைக் கேட்டால் சிலே நாட்டில் என்ன ஆகும்? லஞ்சம் கொடுக்க வந்தவன் என்று தூக்கிக்கொண்டு போவார்கள். தால்கா சந்தையில் வெங்காய மூட்டை சுமக்கும் எலியாசரையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவர் பையைத் திறந்ததே மகள் யாஸ்னாவின் போட்டோவைக் காட்டத்தான்.

ஸ்டேஷனில் சார்ஜென்ட் பஸ்தியாஸ் போட்டோவைப் பார்த்துவிட்டு அவரை விடச் சொன்னார். "எங்க சம்பளம் உங்களுக்கு எதுக்கு?"

"பொண்ணுக்கு ரெண்டு இடம் கெடைச்சிருக்கு ஐயா. ஒண்ணு போலீஸ். இன்னொண்ணு, பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்குற படிப்பு. இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணைச் சொல்லியாகணும். எதுல வயிறாரச் சாப்பிடுவான்னு தெரியல."

"போலீஸுக்கு அனுப்புங்க. எனக்குப் பன்னெண்டு லட்சம் பேசோ. வீடும் சும்மா."

"சந்தோசம் ஐயா. எதிர்ல பேச்சுப் பயிற்சி அம்மா இருக்காங்களே, அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

சார்ஜென்ட்டின் முகம் சுருங்கியது. "அங்கயா? அப்ப ஏழுன்னு சொல்லுங்க. பிடித்தம் போக ஆறு."

எதுக்கு இப்படி இறங்குகிறார் என்று யோசித்தபடியே எலியாசர் தெருவைக் கடந்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் இங்கிரித் அம்மா சிரித்த முகமாக வரவேற்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அடுத்த மாசம் வரைக்கும் புதுசாப் பிள்ளைங்களைப் பாக்க எனக்கு நேரமே இல்ல பெரியவரே, அவ்வளவு கூட்டம். தைரியமாச் சேத்துவிடுங்க."

"எதிர்ல சார்ஜென்ட் தனக்கு ஆறுன்னாரு..."

"ஆறா?" சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "எனக்கு அஞ்சு. இப்பல்லாம் பிள்ளைங்க தானாவே பேசிடுதுங்க. வீடு சும்மாங்கிறதைச் சொன்னாரா, கேளுங்க."

திரும்பிப் போய் சார்ஜென்ட்டைக் கேட்டார்.

"வீடா அது? கூரை ஒழுகுது. அந்தம்மா சனிக்கிழமை வீடு வீடாப் போய்ச் சம்பாதிக்கிறாங்களே, அது கணக்குல வந்துச்சா?"

போலீஸுக்குத் தெரியாதது உண்டா என்று வியந்துகொண்டே எலியாசர் மறுபடி இங்கிரித் அம்மாவிடம் நடந்தார்.

"சனிக்கிழமையா? பஸ் காசுக்கே சரியாப் போச்சு."

இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் குறைந்தது. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் தேய்ந்தது. கடைசியில் சார்ஜென்ட் அக்கா வீட்டில் கடன் வாங்கிச் சாப்பிட்டார். இங்கிரித் அம்மா சாப்பிடுவதையே விட்டிருந்தார்.

மனம் உடைந்து எலியாசர் மகளுக்குப் போன் போட்டார். "யாஸ்னா, ரெண்டுலயும் பட்டினிதான் தாயி. நீ பேசாம மூட்டை தூக்க வந்துடு."

மறுமுனையில் அழுகை.

தெருவோரத்தில் கோதுமையும் பீச் பழமும் போட்ட சர்பத் விற்கிற பெண் ஒரு டம்ளரை நீட்டினாள். காலையிலிருந்து அவர் நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு பேர்கிட்டயா சம்பளம் கேட்டீங்க? பிரிஞ்சுபோன புருஷன் பொண்டாட்டிங்க அவங்க. பிள்ளைச் செலவுக்கு யார் எவ்வளவு குடுக்கணும்னு செவ்வாக்கிழமை கோர்ட்டுல தீர்ப்பு."