எட்டுப் பேருக்கும் பயம்

காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் வந்திருக்க வேண்டும். உள்ளறையில் பல் டாக்டரின் நாற்காலி மல்லாந்து கிடந்தது. அதில் யாரும் இல்லை.

"இன்னிக்கும் எட்டும் ரத்து மேடம்," என்றாள் வரவேற்பில் இருந்த பெண், திரையைப் பார்த்துக்கொண்டே.

மேடம் என்பது டாக்டரின் மனைவி. கிளினிக்கின் முதலாளி அவள்தான். டாக்டருக்குப் பல் மட்டும்தான் பொறுப்பு. அவள் திரும்பி, மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவனை முறைத்தாள்.

தொழிலில் அவனை எல்லாரும் பட்டன் என்பார்கள். உலகத்தில் எந்தச் சிக்கலையும் ஒரு பட்டன் வைத்துத் தீர்த்துவிடலாம் என்பது அவன் கட்சி. இருந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த முதல் வலைத்தளம் இது. மாமனார் வேறு, "எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

"கிளினிக் திறந்து மூணு வாரம். ஒரு பல்லைக்கூடப் பாக்கலை. உன் தளத்துல பதியறாங்க, உன் தளத்துலயே ரத்து பண்றாங்க. அந்த ரத்து பட்டனை எதுக்குப்பா வெச்ச?"

"அது டிசைன் பேட்டர்ன் மேடம், தளம் செய்யறவங்க எல்லாரும் பின்பற்றற வடிவம். உள்ள வந்தவங்களுக்கு வெளிய போக வழி காட்டணும். விஷயம் தெரிஞ்சவங்க சோதிச்சுப் பாத்து எழுதி வெச்சது."

"வழி காட்டினா போகத்தான் செய்வாங்க. சனிக்கிழமைக்குள்ள இந்த நாற்காலில ஆள் உக்காரணும். இல்லைன்னா என் அக்கா பையன் செஞ்சு தரேங்கறான்."

"தளம் நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர் உள்ளிருந்து. "ரத்து பட்டன் இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்தாலும் தப்பில்லை."

பட்டனிடம் அப்படிப்பட்ட இருபது வடிவங்களின் பட்டியல் இருந்தது. அடுத்ததை எடுத்தான்: உறுதிப்படுத்தல். ரத்தை அழுத்தினால் 'நிச்சயமாகவா?' என்று தளம் கேட்கும். காரணமும் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை எட்டு ரத்து. எட்டுக்கும் ஒரே காரணம்: பயம்.

"ஃபோன் போட்டுப் பேசிட வேண்டியதுதானே?"

"பயனர்கிட்ட கேக்கக் கூடாது மேடம். கவனிக்கணும்."

அடுத்து நடக்கப்போவது தெரிந்தால் பயம் போய்விடும். அதற்கும் ஒரு வடிவம் உண்டு: முன்னேற்றப் பட்டை. சிகிச்சைக்கு வரிசையாக நான்கு கட்டங்கள் போட்டான். ஊசி, மரத்துப்போதல், இடுக்கி, பஞ்சு. இடுக்கிக்குப் பக்கத்தில் படமும் வைத்தான்.

புதன்கிழமை ரத்துகள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டன. பல்லைச் சுத்தம் செய்துகொள்ள மட்டும் பதிந்தவர்கூட மிஞ்சவில்லை.

"அந்த இடுக்கிப் படத்தை எடுத்துடுப்பா." டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாவம், ஜனங்க."

என்ன மனசு இந்த மனுஷனுக்கு என்று நெகிழ்ந்துபோனான் பட்டன்.

அன்றே மீட்டெடுப்பு என்ற வடிவத்தைச் சேர்த்தான். அவசரப்பட்டு ரத்து செய்தவர்கள் ஒரே அழுத்தில் தங்கள் நேரத்தைத் திரும்பப் பெறலாம். பட்டனில் எழுதினான்: 'இழந்ததை மீட்டெடுங்கள்.'

வியாழக்கிழமையும் பதிந்த எட்டும் ரத்து. ஆனால் பதியாமலே ஐந்து பேர் வந்து நின்றார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

முதல் ஆள் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கடைவாய்ப்பல்.

"இதைத் திருப்பி வெச்சுடுங்க."

"இது எங்க பிடுங்கினது?" என்றாள் முதலாளி.

"வேற கிளினிக்ல. அங்க இந்தப் பட்டன் இல்லை."

பின்னால் நின்ற நால்வர் கையிலும் பொட்டலம்.

"வாயைத் திறக்கறவங்களைக் கூட்டிட்டு வாப்பான்னா, கையைத் திறக்கறவங்களா வரவழைக்கிறியே!" என்றாள் முதலாளி.

வெள்ளிக்கிழமை மாலை பட்டன் தன் கொள்கைக்கே விரோதமான காரியத்தைச் செய்தான். உறுதிப்படுத்தலைக் கழற்றினான். பட்டையையும் மீட்டெடுப்பையும் கழற்றினான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ரத்து பட்டனையும் தூக்கினான். வெளியே போக வழியே இல்லாத தளம். தொழிலில் யாராவது பார்த்தால் மானம் போய்விடும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். கன்னம் வீங்கியவர், ஈறைப் பிடித்துக்கொண்டவர், மகளை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா. ஒருவர் முகத்திலும் பயம் இல்லை.

"அக்கா பையன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று முதலாளி அவன் தோளைத் தட்டினாள். பிறகு உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "என்னங்க, முதல் ஆளை அனுப்பட்டுமா?"

கதவைத் திறந்தாள். நாற்காலி இருந்தது. விளக்கு எரிந்தது. ஊசி, இடுக்கி, பஞ்சு எல்லாம் வரிசையாக இருந்தன. சன்னல் திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது.

"டாக்டர் எங்க?"

வரவேற்பில் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தினமும் வந்ததும் அவர்தானே மேடம் எட்டையும் ரத்து பண்ணுவார், இன்னிக்கு ரத்து பட்டனைத் தேடித் தேடிப் பாத்துட்டு, சன்னல் வழியா இறங்கிட்டார்."