ஊரை ஒளித்த விசாரணைப் பெரியப்பா

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு முழு ஊரையே வேட்டி மடியில் முடிந்து ஒளித்து வைத்தவர் எங்கள் ‘விசாரணை’ப் பெரியப்பா ஒருவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், “எதுக்குக் கேக்குற?” என்பார்.

உத்தமபாளையம் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் வண்டிப்பாதையில் எருமையை மேயவிட்டு உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் விசாரணைதான். ஒருமுறை வளையல்காரரையே மடக்கினார்: “வளையல் விக்கிறவனுக்குக் குடை எதுக்குய்யா?”

நான் ஓடைப்பட்டியிலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். கல்யாணத்தன்று சீர் வண்டியோடு பின்னால் வந்த என் தாய்மாமன் அவரிடம் போய் வழி கேட்டுவிட்டார்.

“அப்படி ஒரு ஊரு இங்கன இல்லையே. மயிலாடும்பாறைப் பக்கம் கேட்டுப் பாருங்க.”

மலைக்கு அந்தப் பக்கம் பாதி வழி போய்த் திரும்பிய மாமா வந்து சேர்ந்தபோது தாலி ஏறி, பந்தி முடிந்து, ரசம் மட்டும் மிச்சம். ஊரார் சத்தம் போட்டதற்குப் பெரியப்பா அசரவில்லை. “ஊரு பேரு தெரியுதாம், வழி தெரியலையாம். சந்தேகம் வருமா வராதா?”

யுத்த காலத்தில் தாலுகா ஆபீசிலிருந்து தலையெண்ண வந்தார்கள். எண்ணினால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பெரியப்பா கிளப்பிவிட, ஊரே மொச்சைக் காட்டில் போய்ப் பதுங்கியது. நானும் கைக்குழந்தையோடு பதுங்கினேன்.

“இந்த ஊருல எத்தனை பேரு?” என்றார் ஆபீசர்.

“நானும் இந்த எருமையும்தாங்க.”

“கொடியில இத்தனை சேலை காயுதே?”

“எனக்குக் கொஞ்சம் சேலை ஆசை உண்டுங்க.”

ஆபீசர் தலையிலடித்துக்கொண்டு போனார். பிறகுதான் வந்தது வினை. யுத்தப் பஞ்சத்தில் சர்க்கார் ஆள் கணக்குப்படிதான் அரிசி அளந்தது. எங்கள் ஊருக்கு ஓர் ஆள் அரிசி! மழையும் பொய்த்த வருஷம். வீட்டுக்கு வீடு அடுப்பு அணைந்தது. பால் வற்றி, பிள்ளை அழ, நான் நேரே அவரிடம் போனேன்.

“பெரியப்பா, எம்புள்ளைக்குக் கஞ்சிக்கு இல்ல. நீங்க யாரைக் காப்பாத்துறீக?”

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உத்தமபாளையத்துக்கு நடந்தார். மறுநாள் அதே ஆபீசரோடு வந்தார். அந்தப் பாதையில் அவர் ஒருவருக்குச் சரியான வழி காட்டியது அன்றுதான். வீடு வீடாகக் கூட்டிப்போய், கொல்லையில் நின்றவர்களைக்கூடக் கூவியழைத்து எண்ண வைத்தார்.

கடைசியில் ஆபீசர் அவரைப் பார்த்தார். “அன்னைக்கு இந்த ஊருல நீ மட்டும்தான்னு சொன்னியே?”

“அது அன்னைக்குங்க. இன்னைக்கு நான் மட்டும்தான் வெளியூரு.”

எவ்வளவு கேட்டும் பெயர் சொல்லவில்லை. தன் பங்கு அரிசி போனால் போகட்டும் என்று எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, “ஏன் பெரியப்பா இப்படி?” என்றேன். கஞ்சியைக் கொஞ்சநேரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முந்தின சண்டைக்கு என் தம்பி பேரை எழுதித்தான் கூட்டிட்டுப் போனாக, ஆத்தா. ஆளு வரல. நாளைக்கு ஒங்களையெல்லாம் பிடிச்சுட்டுப் போனா, தேடி வர ஒருத்தன் வெளிய இருக்கணும்ல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கும் சேர்த்தே என் வீட்டில் உலை வைத்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், இன்றும் கணக்கோடு ஓர் ஆளைக் கூட்டித்தான் சொல்கிறேன்.