மூன்றாம் சிகரப் போர்

வாழ்க, வரைபடப் பிரிவின் வெற்றித்திருமகள்! கூர்முனைப் பென்சிலைக் கொண்டையில் வேலெனச் செருகியவளும், மலையென்று மார்தட்டி வந்த மண்மேடுகளை அழிப்பானால் அடியோடு சாய்த்தவளும், அலுவலகமே அஞ்சி 'அளவுகோல் அக்கா' என விளித்தவளுமாகிய அப்பெருமாட்டி, நாட்டின் மலைகளை உயரப்படி நிரல்படுத்தும் அரும்பணியில் மூன்றாம் இடத்தை வந்தடைந்தாள், வந்தடைந்தவள் வெகுண்டாள்.

அங்கே வீற்றிருந்த கொடுமுடி முகிலைக் கிழித்தது மெய்யே. ஆயினும் இரண்டாம் இடத்திலிருந்த அண்டைப் பெருமலையோடு அதை இணைக்கும் பள்ளத்திலிருந்து அளந்தால், ஒரு மாடிவீட்டின் உயரங்கூட அது எழும்பவில்லை!

"இதெல்லாம் தனி மலையா? பக்கத்து மலையோட தோள்ல ஏறி உக்காந்துகிட்டு, நான்தான் உசரம்னு சொல்லுது. தூக்கிடறேன்!" என்று அவள் முழங்கினாள்.

முழக்கம் கேட்டு, எதிர்மேசையிலிருந்து அடியுண்ட வேங்கையென எழுந்தான், அவள் கணவனுக்கு இளையோனும் அப்பிரிவிலேயே அவளுக்கு இணையோனுமாகிய கொழுந்தன்.

"உயரம்னா உயரம்தான், அண்ணி! தூக்க விடமாட்டேன்!"

மூண்டது பெரும்போர். அவள் அழித்தாள், அவன் எழுதினான், எழுதியதை மீண்டும் அழித்தாள். அழிப்பான் துகள், குதிரைப்படை கிளப்பிய புழுதியெனப் பறந்து கோப்புகளை மூடியது. அடிக்கோல்கள் வாட்களென மோதின. மேசைவிசிறிக் காற்றில் வரைபடங்கள் போர்க்கொடிகளாய்ப் படபடக்க, தட்டச்சர்கள் தேநீர்க் கோப்பைகளோடு புறமுதுகிட்டனர். இறுதியில், மூன்றாம் இடம் இருந்த தாளே தேய்ந்து ஓட்டையானது.

அவ்வோட்டையைக் கண்டு வீரனின் குரல் தளர்ந்தது.

"வாழ்க்கையில நான் ஏறுன ஒரே மலை அதுதான், அண்ணி. மூணாவது பெரிய மலையில ஏறுனவன் உங்க அப்பான்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அலுவலகப் படிக்கட்டுக்கே மூச்சிரைப்பவன் அவன் என்பதை அறிந்தவளாதலால், பாறையினும் வலிய அவள் நெஞ்சம் கசிந்தது. ஆணை பிறந்தது:

"சரி தம்பி, ரெண்டு பட்டியல் போடறேன். உயரத்துக்கு ஒண்ணு, அதுல உன் மலை மூணாவதாவே இருக்கட்டும். தனியா எவ்வளவு எழும்பி நிக்குதுங்கறதுக்கு இன்னொண்ணு. அதுல கடைசி!"

களிப்பில் கண் பனித்த கொழுந்தன், தன் பணப்பையின் உள்ளறையில் பேணிவந்த, சிகரத்தின் உச்சியில் தான் கைதூக்கி நின்ற பழம்புகைப்படத்தைத் திறைப்பொருளெனச் சமர்ப்பித்தான். நாட்டு மலைகளின் முதுகு வளைவுகளையெல்லாம் மனப்பாடமாய் அறிந்த அந்த மாதரசி, உருப்பெருக்கியை உயர்த்தி, ஒருமுறை நோக்கி, மறுமுறையும் நோக்கினாள்.

அவன் ஏறியது பக்கத்து மலை.